பல கோடி மரங்களைச் சாய்த்த அரை அங்குல வண்டு! தெரியுமா?

அரை அங்குலம்! அவ்வளவுதான் இதன் நீளம். ஆனால் வட அமெரிக்காவில் இது கொன்று போட்ட மரங்களின் கணக்கு கோடிகளில் ஓடுகிறது! புயல் இல்லை, காட்டுத்தீ இல்லை, கோடாலி இல்லை. பச்சைப் பசேலென்று மின்னும் ஒரு வண்டு! 'மரகத ஆஷ் துளைப்பான்' என்று பெயர். ஆஷ் மரம்தான் இதற்குச் சாப்பாடு, அதுதான் வீடு, அதுதான் பிரசவ அறை!

சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்திருக்கிறீர்களா? அந்தப் பொன்வண்டும் இந்த வண்டும் ஒரே குடும்பம் தெரியுமா? புப்ரெஸ்டிடே என்ற அந்தக் குடும்பமே ஜொலிப்புக்குப் பேர் போனது. இதன் மேல் சிறகு மரகதப் பச்சை. சிறகைத் தூக்கிப் பார்த்தால் அடியில் முதுகு செம்பு நிறத்தில் பளபளக்கும்! அமெரிக்காவில் பச்சை வண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அந்தச் செம்பு முதுகுதான் ஆளைக் காட்டிக் கொடுக்கும்!

சரி, ஆஷ் மரம் எந்த வகையறா? நம்பினால் நம்புங்கள், நம் மல்லிகையின் குடும்பம்! ஆலிவும் அதே குடும்பம்தான். மல்லிகை இந்த வண்டின் இரைப் பட்டியலில் இல்லை, கவலை வேண்டாம். ஆனால் 2014-ல் ஓஹாயோ மாநிலத்தில் அதே குடும்பத்தைச் சேர்ந்த 'வெள்ளை ஃப்ரிஞ்ச்' மரத்துக்குள் இதன் புழு குடைந்துகொண்டிருந்ததைப் பார்த்து விஞ்ஞானிகள் அதிர்ந்தார்கள்! அடுத்து ஆய்வகத்தில் ஆலிவ் தண்டில் விட்டுப் பார்த்தார்கள். அதிலும் புழு பிழைத்து வளர்ந்தது!

வண்டு இலையைத் தின்றா மரம் சாகிறது? இல்லவே இல்லை! வளர்ந்த வண்டு இலை ஓரத்தைக் கொஞ்சம் கொறிக்கும், அவ்வளவுதான். அதன் ஆயுளே சில வாரங்கள். கொலைகாரன் புழுதான்! பட்டையின் இடுக்கில் தாய் வண்டு முட்டை வைக்கும். ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டர்தான்! பொரித்த புழு நேராகப் பட்டைக்குள் போய்விடும். உள்பட்டையைத் தின்றுகொண்டே 'எஸ்' எழுத்து மாதிரி வளைந்து வளைந்து சுரங்கம் போடும். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் பாதை அந்த உள்பட்டைதான். அதை ஒரு புழு அறுத்தால் மரம் தாங்கும். ஒரு சதுர மீட்டர் பட்டைக்குள் 90 வண்டுகள் வரை உருவானால்? நன்றாக நின்ற மரம் இரண்டு முதல் நான்கு வருடத்தில் காலி! வண்டு பரவிய காடுகளில் 100 ஆஷ் மரங்களுக்கு 99-க்கு மேல் சாகின்றன!

இன்னொரு கொடுமை தெரியுமா? மரத்துக்கு நோவு வந்ததே வெளியே தெரியாது! உச்சிக் கிளை மொட்டையாகி நம் கண்ணில் படுவதற்குள் உள்ளே வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். வண்டு வெளியே வந்த ஓட்டையைப் பார்த்தால்தான் உறுதி. மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. ஆங்கில 'டி' எழுத்தை உளியால் செதுக்கிய மாதிரி அத்தனை துல்லியம்! ஏன் அந்த வடிவம்? வண்டின் முதுகு தட்டை, வயிறு உருண்டை. அது வெளியே வரும்போது தன் உடம்பின் அச்சையே மரத்தில் விட்டுப் போகிறது!

வந்தது எப்போது? கண்டது எப்போது?

2002-ம் ஆண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சுற்றி ஆஷ் மரங்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. ஏதோ மரநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள்! பட்டைக்குள்ளிருந்து வந்த வண்டை அமெரிக்க நிபுணர்களாலேயே இன்னதென்று சொல்ல முடியவில்லை. கடைசியில் அடையாளம் சொன்னவர் எங்கே இருந்தார் தெரியுமா? ஸ்லோவாக்கியா நாட்டில்! எட்வர்ட் யென்டெக் என்ற வண்டு நிபுணர் பார்த்துப் பெயரைச் சொன்னார். சீனா, கொரியா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி ஆகியவைதான் இதன் சொந்த ஊர்!

பிறகு செத்த மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தார்கள். தலை சுற்றியது! 1990-களிலேயே வண்டு வந்து குடியேறிவிட்டது! பல வருடங்கள் யாருக்கும் தெரியாமல் பெருகியிருக்கிறது. சட்டம் கண் விழிப்பதற்கு முன்பே வண்டு ஊர் தாண்டியிருந்தது. பின்னால் நடந்த அத்தனை தோல்விக்கும் இந்தத் தாமதம்தான் வேர் என்பது என் எண்ணம்.

இந்த வண்டுக்கும் பாண்டா கரடிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! ராட்சதப் பாண்டாவை 1869-ல் மேற்கத்திய உலகுக்கு அறிமுகம் செய்தவர் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். சீனாவில் அவர் சேகரித்த பூச்சிகளில் இந்த வண்டும் ஒன்று! 1888-ல் லியோன் ஃபேர்மேர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேல் உலகம் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை! காரணம், சொந்த ஊரில் இது ரவுடி இல்லை. அங்குள்ள மஞ்சூரிய ஆஷ் மரம் ஆயிரமாயிரம் வருடமாக இதோடு மல்லுக்கட்டிப் பழகியது. நோஞ்சான் மரங்களைத்தான் வண்டு அங்கே சாய்க்கும். அமெரிக்க ஆஷ் மரத்துக்கு அந்தப் பயிற்சியே கிடையாது!

கடலைத் தாண்டி எப்படி வந்தது? சரக்குப் பெட்டியின் மரச் சட்டத்துக்குள் ஒளிந்து வந்திருக்கும் என்பதுதான் பெரும்பாலோர் முடிவு. இனி உங்கள் தெருவில் பெரிய மெஷின் எதுவும் மரப்பெட்டியில் வந்து இறங்கினால், அடியில் உள்ள மரப்பலகையைக் குனிந்து பாருங்கள். கோதுமைக் கதிர் போட்ட ஒரு முத்திரை இருக்கும்! பக்கத்தில் நாட்டின் குறியீடு, அதோடு 'எச்.டி.' என்ற எழுத்துகள். என்ன அர்த்தம் தெரியுமா? அந்தக் கட்டையின் நடு மையம் வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு, முழுசாக 30 நிமிடம் ஏற்றப்பட்டிருக்கிறது! உள்ளே புழு இருந்தால் வெந்திருக்கும்! 'ஐ.எஸ்.பி.எம். 15' என்ற உலக விதி இது. இந்த விதி ஏற்கப்பட்ட வருடம் எது? 2002! டெட்ராய்ட்டில் வண்டு பிடிபட்ட அதே வருடம்!

காரில் போன வண்டு!

இந்த வண்டு எவ்வளவு தூரம் பறக்கும்? ஆய்வகத்தில் சுழலும் கருவியில் கட்டிப் பறக்க விட்டார்கள். சில பெண் வண்டுகள் 24 மணி நேரத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் பறந்தன! ஆனால் வெளியே நிஜ வாழ்க்கையில்? பெரும்பாலான வண்டுகள் பிறந்த மரத்திலிருந்து சில நூறு மீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை! அப்படியானால் பாதிக் கண்டத்தை எப்படிப் பிடித்தது? இதுதான் இந்தக் கதையிலேயே என்னை அதிகம் உலுக்கிய இடம். நாமே தூக்கிப் போய் விட்டோம்! விறகில்!

லீவு விட்டால் காரில் விறகு ஏற்றிக்கொண்டு காட்டோரம் போய்க் கூடாரம் போட்டுத் தீ மூட்டுவது அமெரிக்கர்களின் வழக்கம். செத்த ஆஷ் மரத்தை வெட்டினால் அருமையான விறகு! அந்த விறகுக்குள் புழு உயிரோடு இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டுக்கு இலவசப் பயணம்! டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கும் நீர்ப்பரப்பின் மேல் மாக்கினாக் பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்தருகே வண்டிகளை நிறுத்தி, விறகு இருக்கிறதா என்று சோதனை போட்டார்கள் தெரியுமா? கடத்தல் பொருளாக விறகு!

2002-லேயே மிச்சிகன் மாநிலம் தடை போட்டது. 2003-ல் மத்திய அரசின் தடையும் வந்தது. ஆஷ் கட்டை, ஆஷ் நாற்று எதுவும் தடைப் பகுதியை விட்டு அனுமதியில்லாமல் நகரக்கூடாது. விறகுக்கு இன்னும் கறார்! ஆஷ் மட்டுமல்ல, கடின மர விறகு எதுவுமே போகக்கூடாது. பிளந்து போட்ட விறகில் எது ஆஷ், எது ஓக் என்று ரோட்டில் நின்று பிரிக்க யாரால் முடியும்?

ஆனாலும் என்ன நடந்தது? அதே 2003-ல் மிச்சிகன் நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து, தடையை மீறி, ஆஷ் கன்றுகள் மேரிலாந்து மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தன! உள்ளே வண்டு! ஒரே லாரி லோடில் பல நூறு கிலோமீட்டர் தாண்டியாயிற்று!

கனடா செய்ததைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள்! டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில் கனடாவின் ஒன்டாரியோ. ஒரு பக்கம் ஈரி ஏரி, மறுபக்கம் செயின்ட் கிளேர் ஏரி, நடுவே குறுகலான நிலம். அதன் குறுக்கே ஆஷ் மரமே இல்லாத பட்டை ஒன்றைப் போட்டால் வண்டு எப்படித் தாண்டும்? 2004 குளிர்காலத்தில் சுமார் 10 கிலோமீட்டர் அகலம், 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆஷ் மரங்களை வெட்டினார்கள். எத்தனை தெரியுமா? ஏறக்குறைய 85,000! பெரும்பாலானவை நல்ல ஆரோக்கியமான மரங்கள்! பலன்? வண்டு ஏற்கெனவே அந்தப் பக்கம் போயிருந்தது!

அங்கிருந்து 2007-ல் டொரன்டோ! ஈழத் தமிழர்கள் லட்சக்கணக்கில் வாழும் ஊர். அந்த நகரில் மட்டும் சுமார் 8,60,000 ஆஷ் மரங்கள் இருந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அந்நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வீடு வாங்கியவர்கள் பலருக்கு, வாசலில் நின்ற மரத்தை மாநகராட்சி ஏன் வெட்டியது என்ற கேள்விக்கு விடை இந்த வண்டுதான்!

தடைப் பகுதி வளர்ந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக அமெரிக்க நிலப்பரப்பில் கால் பங்குக்கும் மேல் தடைக்குள்! அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். 2021 ஜனவரி 14 அன்று மத்திய அரசு அந்தத் தடையையே தூக்கிவிட்டது! ஜெயித்ததால் இல்லை! தடை போட்டும் வண்டு நிற்கவில்லை. காவலுக்குச் செலவாகும் பணத்தை, வண்டைக் கொல்லும் குளவிகளை வளர்க்கத் திருப்பலாம் என்று முடிவு செய்தார்கள். இனி தடை வேண்டுமா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் பாடு. இன்றைக்கு 37 மாநிலங்களில் வண்டு! இன்னும் வண்டு வராத மேற்கு மாநிலங்களைத் திறந்துவிட்ட முடிவு இது என்று அன்றைக்கே பலர் கொதித்தார்கள். எனக்கும் அந்தக் கொதிப்பில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

அடுத்த வருடமே என்ன ஆனது தெரியுமா? 2022 ஜூன் 30. மேற்குக் கடற்கரை மாநிலமான ஒரிகான். போர்ட்லண்ட் மாநகராட்சியில் வேலை செய்யும் உயிரியல் நிபுணர் ஒருவர், கோடை முகாமிலிருந்து தன் குழந்தைகளை அழைத்துப் போகப் பள்ளி வாசலில் காத்திருந்தார். சும்மா நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். உச்சி மொட்டை! பட்டையைப் பார்த்தார். 'டி' வடிவ ஓட்டை! அதற்கு முன் வண்டு எட்டியிருந்த மேற்கு எல்லை கொலராடோ. நடுவே ராக்கி மலைத்தொடர்! 2024-ல் கனடாவின் வான்கூவரிலும் பிடிபட்டது!

ஐரோப்பாவின் கதை இன்னும் விசித்திரம். மாஸ்கோ தெருக்களில் அழகுக்காக நட்டிருந்தது எந்த மரம்? அமெரிக்கப் பச்சை ஆஷ்! 2003-ல் அங்கே இந்த வண்டு தென்பட்டது. அமெரிக்க மரத்தை, ஆசிய வண்டு, ரஷ்யத் தலைநகரில் வைத்துத் தின்றது! 2019-ல் உக்ரைனின் லுஹான்ஸ்க் பகுதியையும் எட்டிவிட்டது. அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியம் மிக ஆபத்தான 20 பயிர்ப் பூச்சி, நோய்களின் பட்டியல் வெளியிட்டது. இந்த வண்டுக்கு அதில் இடம் இல்லாமலா!

குளிர் இதைக் கொல்லாதா? கொல்லும், ஆனால் எத்தனை குளிர்! குளிர்காலம் வந்தால் புழு தன் உடம்பில் கிளிசராலைச் சேர்த்துக்கொள்ளும். ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து! மைனஸ் 30 டிகிரி வாக்கில் இறங்கினால்தான் உறையவே தொடங்கும்!

வலை விரித்த மனிதர்கள்!

அமெரிக்காவில் மரக் கிளையில் பெரிய ஊதா நிறப் பெட்டி தொங்குவதைப் பார்த்தால் பட்டம் சிக்கிவிட்டது என்று நினைக்காதீர்கள்! வண்டுப் பொறி அது. ஊதா நிறம் இந்த வண்டை இழுக்கும். வாசனைத் தைலம் தடவி, வெளிப்புறம் முழுக்கப் பசை பூசித் தொங்கவிடுவார்கள்.

அதைவிடப் பிரமாதம் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் வேலை! ஆண் வண்டு மேலே பறந்துகொண்டிருக்கும்போது இலையில் உட்கார்ந்த பெண் வண்டின் ஜொலிப்பைப் பார்த்துவிட்டால் நேராகத் தலைகீழாகக் குதிக்கும். அதையே பொறியாக்கினார்கள்! நிஜப் பெண் வண்டின் மேற்பரப்பை நுணுக்கமாக அச்செடுத்து, பிளாஸ்டிக்கில் அதே மினுமினுப்போடு போலி வண்டு செய்தார்கள். ஆண் வண்டுகள் ஏமாந்து குதித்தன! போலி வண்டில் 4,000 வோல்ட் மின்சாரம்! அப்படியே சுருண்டு விழுந்தன!

கரும்புத் தோட்டத்தில் முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டிய நம் விவசாயிகளுக்கு அடுத்த வித்தை பழகியதுதான். சீனாவில் இந்த வண்டைத் தின்னும் குளவிகளைத் தேடிப் பிடித்து 2007 முதல் அமெரிக்கக் காடுகளில் விட்டார்கள். ஒரு குளவி ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். வண்டின் முட்டைக்குள்ளே தன் முட்டையை வைக்கும்! அதற்கு ஆண் துணையே தேவையில்லை, பெண்ணே பெண்ணைப் பெறும்! இன்னொரு குளவி புழுவுக்குள் முட்டை இடும். ஒரே புழுவிலிருந்து நூறு குளவிகள்கூட வெளியே வரும்! இவற்றை வளர்க்க மிச்சிகனில் பிரைட்டன் என்ற ஊரில் தனி நிலையமே நடக்கிறது. இதுவரை விட்ட குளவிகள் 80 லட்சத்துக்கும் மேல்!

உள்ளூர்க் குளவி ஒன்று துப்பறியும் வேலை பார்க்கிறது தெரியுமா? செர்செரிஸ் என்று பெயர். மனிதரைக் கொட்டாது. இது கூடு தோண்டும் இடம் எது? பேஸ்பால் மைதானத்தின் மணல்! பொன்வண்டுக் குடும்பத்து வண்டுகளைப் பிடித்து மயக்கி, கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு கூட்டுக்கு வரும். தன்னார்வலர்கள் மைதானத்தில் வலையோடு உட்கார்ந்திருப்பார்கள். குளவி என்ன கொண்டு வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை! 2012-ல் கனெக்டிகட் மாநிலத்துக்குள் வண்டு நுழைந்துவிட்டதை முதலில் காட்டிக் கொடுத்தது இந்தக் குளவிதான்! அந்த மைதானத்தில் சுழன்ற பேஸ்பால் மட்டை நூறு வருடத்துக்கும் மேலாக எந்த மரத்தில் செய்யப்பட்டது? ஆஷ்!

மரங்கொத்திகளுக்கோ விருந்து! புழுவைத் தேடி மேல்பட்டையை உரித்துத் தள்ளும். மரம் வெளிறிப் போய் நிற்கும். அந்த வெளிறலைத் தூரத்திலிருந்து பார்த்தே வண்டு வந்துவிட்டதைச் சொல்லிவிடுவார்கள்!

மரம் போனால் வேறு என்ன போகும்?

மனித உயிர்! அமெரிக்க வனத்துறையின் ஜெஃப்ரி டோனோவனும் கூட்டாளிகளும் 15 மாநிலங்களின் 1990 முதல் 2007 வரையிலான இறப்புக் கணக்கை அலசினார்கள். வண்டு பரவிய இடங்களில் மூச்சு சம்பந்தமான நோய்களால் 6,113 பேரும், இதய, ரத்தக்குழாய் நோய்களால் 15,080 பேரும் கூடுதலாக இறந்ததோடு வண்டின் வரவுக்குத் தொடர்பு தெரிந்தது! வண்டு யாரையும் கடிக்கவில்லை. தெருவில் மரம் இல்லாமல் போனது, அவ்வளவுதான்! 2013-ல் வெளிவந்த இந்த எண்களைப் படித்த பிறகு வாசல் மரத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

பணம்? 2009 முதல் 2019 வரை ஊர்ப்புறங்களில் 1.7 கோடிக்கும் மேற்பட்ட மரங்களுக்கு மருந்து போட, வெட்ட, வேறு மரம் வைக்க ஆகும் செலவு என்று 2010-ல் போட்ட கணக்கு 1,070 கோடி டாலர்! அந்தத் தெருக்களில் ஏன் அத்தனை ஆஷ் மரம்? முன்பு அங்கே நின்றவை எல்ம் மரங்கள். அவற்றை ஒரு பூஞ்சை நோய் அழித்தது. அந்த இடத்தை நிரப்பத் தேடித் தேடி நட்டதுதான் ஆஷ்!

வட அமெரிக்காவின் வடகிழக்கில் வாழும் வபனாகி பூர்வகுடிகளின் கதையில் மனிதர்கள் எங்கிருந்து பிறந்தார்கள் தெரியுமா? குளூஸ்காப் என்ற வீரன் ஆஷ் மரத்தின் மீது அம்பு விட்டான். பட்டை பிளந்து மனிதர்கள் வெளியே வந்தார்கள்! அவர்கள் கூடை முடைவதும் கருப்பு ஆஷில்தான். கட்டையைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு அடிக்கும் அதன் ஆண்டு வளையம் நாடா நாடாவாகப் பிரிந்து வரும்! ஒரு நாடா என்பது மரத்தின் ஒரு வருட வாழ்க்கை! அந்தக் கருப்பு ஆஷ் உட்பட, வட அமெரிக்காவின் ஆறு முக்கிய ஆஷ் இனங்களில் ஐந்தை 2017-ல் 'மிக அபாய நிலை' பட்டியலில் சேர்த்துவிட்டது உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். இன்னொன்று, ஆஷை நம்பி 282 வகைப் பூச்சிகளும் பிற கணுக்காலிகளும் இருக்கின்றன! அவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றுக்கு ஆஷை விட்டால் வேறு கதியே இல்லை!

மருந்தே கிடையாதா? இருக்கிறது! எமாமெக்டின் பென்சோயேட் என்ற மருந்தை மரத்தின் அடியில் துளை போட்டு ஊசி மாதிரி ஏற்றினால் இரண்டு மூன்று வருடம் வண்டு அண்டாது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் ஆஷ் மரங்கள் சுமார் 800 கோடி! எத்தனை மரத்துக்குத்தான் ஊசி போடுவது?

இத்தனை சாவுக்கு நடுவே சில மரங்கள் சாகவே இல்லை தெரியுமா? சுற்றிலும் எல்லாம் பட்டுப்போன காட்டில் ஒன்றிரண்டு மட்டும் இலையோடு நிற்கின்றன! நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் அவை போதும் என்கிறார்கள் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானிகள். அந்த மரங்களின் கிளையை ஒட்டுக்கட்டிக் கன்று வளர்க்கிறார்கள். கன்றின் மேல் தாங்களே வண்டு முட்டையை ஒட்டி வைத்து, எத்தனை புழு சாகிறது என்று எண்ணுகிறார்கள்! சில கன்றுகளுக்குள் புழு வளரும் முன்பே செத்துக் கிடக்கிறது! அந்தக் கன்றுகளை ஒன்றோடொன்று கலந்து அடுத்த தலைமுறையை உருவாக்கும் வேலை நடக்கிறது. ஒரிகான் மாநிலமோ வண்டு வரும் வரை காத்திருக்கவில்லை. 2022-ல் பள்ளி வாசலில் வண்டு பிடிபடுவதற்கு மூன்று வருடம் முன்பே, தன் ஆற்றங்கரை ஆஷ் மரங்களின் விதைகளை லட்சக்கணக்கில் சேகரிக்கத் தொடங்கிவிட்டது!